மசாலாக் கொட்டை மிட்டாய் சரியாக வராதபோது: அறிகுறியைக் கொண்டு பிழை நீக்கும் வழிமுறை

சர்க்கரைப் பாகைக் கண்ணாடி போல் உடையும் பதம் வரை காய்ச்சி, கொட்டைகளையும் மசாலாவையும் கலந்து, மெல்லிய தகடாகப் பரப்பி உடைத்தெடுக்கும் மிட்டாயை வீட்டில் செய்கிறவர்கள் சந்திக்கும் பிழைகள் இங்கே அறிகுறி வாரியாகத் தரப்பட்டுள்ளன. அளவுகள் எல்லாம் 200 கிராம் வெள்ளைச் சர்க்கரை, 100 கிராம் குளுக்கோஸ் சிரப், 60 மில்லி தண்ணீர், 30 கிராம் வெண்ணெய், 150 கிராம் கொட்டை, அரைத் தேக்கரண்டி சமையல் சோடா, ஒரு தேக்கரண்டி மசாலாப்பொடி என்ற கணக்கை ஒட்டியவை. உங்கள் அளவு இதிலிருந்து வேறுபட்டால் அதற்கேற்பக் கூட்டியோ குறைத்தோ கொள்ளவும். ஒவ்வொரு அறிகுறியின் கீழும் செலவில்லாத காரணம் முதலிலும் செலவு வைக்கும் காரணம் கடைசியிலும் வருகின்றன. அந்த வரிசையைத் தாண்டிச் சென்று செய்முறையையே மாற்றிவிட்டால், அடுத்த தடவை எது பிழையைத் தீர்த்தது என்பது தெரியாமல் போய்விடும்.

எந்த அறிகுறியாக இருந்தாலும் முதலில் இதைச் செய்யுங்கள்

பாகு வெப்பமானியைக் கொதிக்கும் நீரில் சோதித்துப் பாருங்கள். ஒரு பாத்திரத்தில் நீரை நன்கு கொதிக்கவிட்டு, வெப்பமானியின் முனை அடியைத் தொடாதபடி இரண்டு மூன்று சென்டிமீட்டர் ஆழத்துக்கு நுழைத்து, எண் அசையாமல் நின்றபின் குறித்துக்கொள்ளுங்கள். அந்த எண்ணோடு 50-ஐக் கூட்டினால் வருவதே, உங்கள் அடுப்படியில், உங்கள் வெப்பமானியில், இந்த மிட்டாய் எட்ட வேண்டிய எண். கொதிநீரில் 100 காட்டினால் இலக்கு 150 டிகிரி. 97 காட்டினால் 147. 103 காட்டினால் 153. கருவியின் பிழையாக இருந்தாலும், ஏறத்தாழ 300 மீட்டர் உயரத்துக்கு ஒரு டிகிரி வீதம் நீரின் கொதிநிலை இறங்குகிற மேட்டு நிலமாக இருந்தாலும், இரண்டையும் இந்த ஒரே கூட்டல் சரிசெய்துவிடுகிறது.

நான் தொடர்ந்து மூன்று தடவை மிட்டாயைக் குப்பையில் கொட்டியபோது சர்க்கரையைக் குறை சொன்னேன், வெண்ணெயைக் குறை சொன்னேன், மழையைக்கூடக் குறை சொன்னேன். வெப்பமானியைக் கொதிநீரில் வைத்துப் பார்த்தபோது அது 106 காட்டியது.

வெப்பமானி இல்லாதவர்கள் ஒரு கிண்ணம் குளிர்ந்த நீரில் அரைத் தேக்கரண்டிப் பாகைச் சொட்டவிட்டு, பத்து விநாடி கழித்து எடுத்து வளைத்துப் பார்க்கலாம். வளைந்தபின் உடைந்தால் இன்னும் பதம் வரவில்லை என்று பொருள். வளையாமல் ‘டக்’கென்று முறிந்தால் பதம் வந்துவிட்டது. சோதிக்கிற நேரத்தில் பாத்திரத்தை அடுப்பிலிருந்து இறக்கிவைக்க வேண்டும், ஏனென்றால் கடைசிப் பத்து டிகிரியைப் பாகு மிக விரைவாகக் கடந்துவிடும்.

அறிகுறி: மிட்டாய் வளைகிறது, பிசுபிசுக்கிறது, பல்லில் ஒட்டுகிறது

வீட்டில் செய்யும் மிட்டாயில் அடிக்கடி வரும் பிழை இதுதான். வெளியே ஒன்றுபோலத் தெரிந்தாலும் இது மூன்று வேறு பிழைகளாக இருக்கலாம் என்பதால், எப்போது பிசுபிசுத்தது என்ற கேள்விக்கு முதலில் விடை காண வேண்டும்.

ஆறியவுடனேயே வளைந்தால்

பாகு போதிய சூட்டை எட்டவில்லை. ஒரு துண்டை மூடிய சிறு டப்பாவில் போட்டுக் குளிர்பதனப் பெட்டியில் பத்து நிமிடம் வைத்து, எடுத்த உடனே உடைத்துப் பாருங்கள். குளிரில் நன்றாக முறிந்து, அறையின் சூட்டுக்கு வந்ததும் மறுபடி வளைந்தால், பாகில் தண்ணீர் மிச்சமிருக்கிறது என்பது உறுதியாகிவிடும். வெப்பமானியின் முனை பாகில் சரியாக மூழ்கவில்லை என்பதே இதற்கு மிக எளிய காரணம். அகலமான பாத்திரத்தில் கொஞ்சம் பாகைக் காய்ச்சும்போது முனை பாதி வெளியே நிற்கும், அல்லது அடியைத் தொட்டு அதன் சூட்டைக் காட்டும். பாத்திரத்தைச் சற்றுச் சாய்த்துப் பாகை ஒரு பக்கம் திரளவைத்து அளந்தால் உண்மை தெரியும். அதற்கடுத்த காரணம், கொட்டைகளைப் போட்டபின் மறுபடி அளக்காமல் விடுவது. 150 கிராம் குளிர்ந்த கொட்டை விழுந்ததும் பாகின் சூடு பல டிகிரி இறங்கிவிடுவதால், கொட்டை சேர்த்தபின் எட்டுகிற எண்ணைத்தான் கணக்கில் எடுக்க வேண்டும்.

வளைந்துபோன மிட்டாயை மீண்டும் காய்ச்சலாமா என்று கேட்டால், செய்ய முடியும், ஆனால் நான் செய்ய மாட்டேன். தண்ணீர் விட்டுக் கரைத்து மறுபடி காய்ச்சினால், ஏற்கெனவே கலந்திருக்கும் சோடாவால் பாகு பொங்கும், விரைவில் கருக்கும், கொட்டை தீயும், மசாலா மணம் போய்விடும். துண்டுகளை உறையவைத்து, இடித்துத் தூளாக்கி, பனிக்கூழின் மேலோ கேக்கின் மேலோ தூவிவிடுவது நல்லது.

முதல் நாள் மொறுமொறுப்பு, மறுநாள் மேற்பரப்பில் ஈரம் என்றால்

காய்ச்சியதில் பிழையில்லை, காற்றிலிருந்த ஈரத்தை மிட்டாய் உறிஞ்சிக்கொண்டது. கண்ணாடி நிலையில் இறுகிய சர்க்கரை ஈரத்தை விடாமல் இழுக்கும். ஒரு துண்டை நடுவில் முறித்துப் பாருங்கள்: வெளியே பிசுபிசுப்பும் உள்ளே வறண்ட மொறுமொறுப்பும் இருந்தால் இதுவே காரணம். மிட்டாய் முழுவதும் ஆறிய பத்து நிமிடத்துக்குள் காற்றுப்புகா டப்பாவில் அடுக்கி, அடுக்குகளுக்கு இடையே பட்டர் பேப்பர் வைத்தால் பெரும்பாலும் தீர்ந்துவிடும். சூடு ஆறுமுன் மூடினால் உள்ளேயே நீராவி படிந்து வேலையைக் கெடுக்கும். டப்பாவை அடிக்கடி திறக்கும் வீடுகளில் பெரிய டப்பா ஒன்றைவிடச் சிறிய டப்பாக்கள் நான்கு நல்லது. உணவுக்கு உகந்தது என்று குறிப்பிட்ட ஈரம் உறிஞ்சும் சிலிக்கா பொட்டலத்தை உள்ளே வைக்கலாம், ஆனால் பொட்டலம் கிழியாமல் இருக்க வேண்டும். குளிர்பதனப் பெட்டியில் வைத்துப் பாதுகாக்க முயலாதீர்கள். வெளியே எடுத்ததும் குளிர்ந்த மேற்பரப்பில் நீர்த்துளி படிந்து ஒரே மணி நேரத்தில் மிட்டாய் ஒழுகத் தொடங்கும். மழை கொட்டும் நாளில் செய்துதான் ஆக வேண்டும் என்றால், இலக்கைவிட இரண்டு டிகிரி கூடுதலாகக் காய்ச்சுங்கள்.

சரியான சூட்டை எட்டியும், சரியாக மூடியும் பிசுபிசுத்தால்

புளிப்பின் அளவைப் பாருங்கள். எலுமிச்சைச் சாறு சர்க்கரையைப் பிளந்து, ஈரத்தை அதிகம் இழுக்கும் சர்க்கரைகளாக மாற்றுகிறது. குளுக்கோஸ் சிரப் இருக்கும்போது எலுமிச்சை தேவையே இல்லை. சிரப் இல்லாதபோது 200 கிராம் சர்க்கரைக்கு அரைத் தேக்கரண்டி போதும். மசாலாக் கலவையில் புளிப்புப் பொடி ஏதாவது இருந்தால் அதையும் கணக்கில் சேருங்கள். புது இஞ்சி, பச்சை மிளகாய், தேன் போன்ற ஈரப் பொருள்களைக் கடைசியில் சேர்த்தாலும் இதே விளைவுதான். இஞ்சிக்குப் பதில் சுக்குப்பொடியும், பச்சை மிளகாய்க்குப் பதில் காய்ந்த மிளகாய்த்தூளும் போடுங்கள்.

மூன்றும் இல்லையென்றால் புது வெப்பமானி வாங்குவதே வழி. கொதிநீரில் ஒரு தடவை 98, அடுத்த தடவை 102 என்று மாறி மாறிக் காட்டும் கருவியைக் கூட்டல் கழித்தலால் சரிசெய்ய இயலாது.

அறிகுறி: பாகு பூத்துவிட்டது, மிட்டாய் மணல் போல் நறநறக்கிறது

கண்ணாடிபோல் இருக்க வேண்டிய பாகு மங்கி வெளுத்து, வாயில் போட்டால் மணல் மணலாகக் கரைகிறது. எங்கோ ஒரு சர்க்கரைக் குருணை தப்பி நின்று, அதைச் சுற்றி மற்ற சர்க்கரையெல்லாம் படிகமாகிவிட்டது. அந்தக் குருணை எங்கிருந்து வந்தது என்பதைத்தான் தேட வேண்டும்.

அடுப்பில் கொதிக்கும்போதே பூத்தால், பாத்திரத்தின் உட்சுவரைப் பாருங்கள். மேல் விளிம்பில் வெள்ளைப் பொருக்கு ஒட்டியிருந்தால் அங்கிருந்துதான் குருணை உள்ளே விழுந்திருக்கிறது. சர்க்கரை முழுவதும் கரையும்வரை தணலைக் குறைத்தே வைத்திருந்து, கொதி வந்ததும் மூடிபோட்டு இரண்டு மூன்று நிமிடம் விட்டால், உள்ளே எழும் நீராவியே சுவரைக் கழுவிவிடும். நனைத்த தூரிகையால் சுவரைத் துடைப்பதும் இதே வேலையைச் செய்யும். கொதிக்கத் தொடங்கியபின் கரண்டி போட்டுக் கிளறுவது அடுத்த காரணம். சர்க்கரை கரைந்தது முதல் கொட்டை சேர்க்கும்வரை கரண்டிக்கு வேலையில்லை. பாகு ஒரு பக்கமாகச் சிவந்தால் பாத்திரத்தைப் பிடித்து மெல்லச் சுழற்றுங்கள், அது போதும்.

பரப்பும்போது பூத்தால் கொட்டைகளின் குளிர்ச்சியைச் சந்தேகியுங்கள். சூடான பாகில் குளிர்ந்த கொட்டையைக் கொட்டி வேகமாகக் கிளறும்போது பாகு திடீரென இறுகிப் பூத்துவிடும். கொட்டைகளை 100 டிகிரி அவனிலோ, மிகச் சிறு தணலில் வாணலியிலோ கதகதப்பாக வைத்திருந்து சேர்த்தால் இந்தச் சிக்கல் வராது. தட்டில் ஊற்றியபின்னும் கரண்டியால் இங்குமங்கும் தேய்த்துக்கொண்டே இருக்கிறவர்களுக்கும் இந்தப் பிழை வருகிறது. ஓரிரு தடவையில் பரப்பிவிட்டு, மீதியை விளிம்பைப் பிடித்து இழுத்து மெல்லியதாக்க வேண்டும்.

இவையெல்லாம் சரியாக இருந்தும் பூத்தால், குளுக்கோஸ் சிரப்பை விட்டுவிட்டீர்களா அல்லது குறைத்தீர்களா என்று பாருங்கள். சர்க்கரை மூலக்கூறுகள் வரிசையாக அடுக்கிக்கொள்வதைத் தடுப்பது அதன் வேலை. சர்க்கரையின் எடையில் பாதி அளவுக்கு அது இருந்தால் கையாளுவதில் நேரும் சிறு தவறுகளைப் பாகு மன்னித்துவிடும்.

கொட்டை போடுமுன் பூத்த பாகை முழுமையாக மீட்கலாம். 80 மில்லி தண்ணீர் விட்டு, சிறு தணலில் ஒரு குருணையும் மிச்சமில்லாமல் கரைத்து, சுவரைக் கழுவி, மறுபடி காய்ச்சுங்கள். கொட்டை போட்டபின் பூத்தால் விட்டுவிடுங்கள்; சர்க்கரை பூசிய கொட்டை என்ற பெயரில் அதை யாரும் மறுக்காமல் சாப்பிடுவார்கள்.

அறிகுறி: கசப்பு, தீய்ந்த வாடை

கசப்பு பாகிலிருந்தா, கொட்டையிலிருந்தா, மசாலாவிலிருந்தா என்று பிரித்தறியுங்கள். கொட்டையில்லாத பகுதியில் ஒரு சிறு துண்டை முறித்துச் சுவையுங்கள். பிறகு ஒரு கொட்டையைத் தனியே பெயர்த்தெடுத்து, குறுக்கே வெட்டி உட்பகுதியின் நிறத்தைப் பாருங்கள். உள்ளே அடர்ந்த பழுப்பாக இருந்தால், முன்பே நன்கு வறுத்த கொட்டை பாகின் சூட்டில் இன்னொரு தடவை வறுபட்டிருக்கிறது. வறுத்த கொட்டையை இலக்குக்கு ஐந்தாறு டிகிரி இருக்கும்போது சேருங்கள். பச்சைக் கொட்டையானால் 120 டிகிரியில் சேர்த்தால் பாகோடு சேர்ந்தே வறுபட்டுவிடும். ஆனால் அதன்பிறகு அடிப்பிடிக்காமல் இடைவிடாது மெல்லக் கிளற வேண்டும்.

பாகே கசந்தால், பொன்னிறத்தைத் தாண்டி அடர்ந்த செம்பழுப்பாகும்வரை அது அடுப்பில் இருந்திருக்கிறது. 160 டிகிரிக்கு மேல் சர்க்கரை விரைவாகக் கருகத் தொடங்கும். அடுப்பை அணைத்தபின்னும் கனமான பாத்திரத்தின் சூடு பாகை இரண்டு மூன்று டிகிரி ஏற்றும். எனவே இலக்குக்கு இரண்டு டிகிரி குறைவாக இருக்கும்போதே இறக்கிவிடுங்கள். தட்டு, சோடா, மசாலா எல்லாம் கைக்கெட்டும் தூரத்தில் முன்கூட்டியே இருக்க வேண்டும்; சோடா டப்பாவைத் தேடிய அரை நிமிடத்தில் கருகிய மிட்டாய்கள் அநேகம்.

கசப்போடு சவர்க்காரச் சுவையும் தெரிந்தால் சோடா அதிகம். அரைத் தேக்கரண்டியைத் தலைதட்டி அளந்து, சலித்துப் போடுங்கள். கட்டியாக விழுந்த சோடா அங்கங்கே பழுப்புப் புள்ளியாகவும் கசப்பாகவும் நின்றுவிடும்.

ஒரு பக்கம் மட்டும் கருகினால் பாத்திரத்தின் அடி மெல்லியது என்று கொள்ளலாம். அடி கனமான வேறு பாத்திரத்தில் செய்தும் அதே பக்கம் கருகினால் குறை அடுப்பில் இருக்கிறது. எரிவாயு அடுப்பில் தணல் நீலமாக இல்லாமல் மஞ்சளாக எரிந்தாலோ, ஒரு பக்கம் மட்டும் உயர்ந்தாலோ, பர்னரைக் கழற்றிக் கழுவி உலர்த்தி மாட்டிப் பாருங்கள். அப்படியும் மாறாவிட்டால் அடுப்பு பழுதுபார்ப்பவரை அழைக்க வேண்டும்; எரிவாயுக் குழாயிலும் ஜெட்டிலும் நீங்கள் கைவைக்க வேண்டாம்.

அறிகுறி: மசாலா கமறுகிறது, திட்டுத்திட்டாக நிற்கிறது, அல்லது தெரியவே இல்லை

மூன்றும் மசாலாவை எப்போது, எப்படிச் சேர்த்தோம் என்பதைப் பொறுத்தவை. கொதிக்கும் பாகில் மிளகாய்த்தூளை நேராகத் தூவினால் காரம் புகையாக எழுந்து தொண்டையைக் கமறவைக்கும், தூளும் கருகிக் கசக்கும். அடுப்பை அணைத்தபின், சோடாவைப் போடும் அதே நேரத்தில் மசாலாவையும் சேருங்கள். உருக்கிய வெண்ணெயில் ஒரு தேக்கரண்டியை எடுத்துவைத்து, மசாலாப்பொடி முழுவதையும் அதில் குழைத்து ஊற்றினால் கட்டிதட்டாமல் ஒரே சீராகப் பரவும். பட்டைப்பொடி போல எளிதில் திரளும் பொடிகளுக்கு இது கட்டாயம்.

காரம் தெரியவில்லை என்று முதல் கடியில் முடிவுகட்டாதீர்கள். இனிப்பு கரைந்து விலகியபின்தான் மிளகாயின் காரம் மேலெழும், அதற்கு அரை நிமிடம் ஆகலாம். பாகைச் சுவைத்துப் பார்த்து அளவைக் கூட்டும் வழக்கத்தை இந்த மிட்டாயில் விட்டுவிட வேண்டும். 150 டிகிரிப் பாகை நாக்கில் வைக்க முடியாது என்பது ஒருபுறமிருக்க, சூட்டில் காரம் சரியாகவும் தெரியாது. கால் தேக்கரண்டி மிளகாய்த்தூளில் தொடங்கி, முற்றிலும் ஆறிய துண்டைச் சுவைத்து, அடுத்த தடவைக்குக் குறித்துக்கொள்ளுங்கள். ஏலக்காய் போன்ற மணப்பொருள்கள் தெரியவில்லையென்றால் பொடி பழையதாக இருக்கலாம். சிறிது எடுத்து உள்ளங்கையில் தேய்த்து முகர்ந்தால் தெரிந்துவிடும். உப்பைத் தூளாகக் கலப்பதைவிட, பரப்பியவுடன் பொடிக்கல் உப்பாக மேலே தூவினால் பாதி அளவிலேயே சுவை எடுப்பாகத் தெரியும்.

அறிகுறி: வெண்ணெய் பிரிந்து மேலே மிதக்கிறது

தணல் திடீரென ஏறியிருக்கும், அல்லது குளிர்ந்த வெண்ணெயை மொத்தமாகப் போட்டிருப்பீர்கள். தணலைக் குறைத்து, ஒரு மேசைக்கரண்டி கொதிநீரை ஓரமாக விட்டு, தெறிக்குமென்பதால் கையை விலக்கிக்கொண்டு, சேரும்வரை மெல்லக் கிளறுங்கள். சேர்ந்தபின் மறுபடி இலக்குச் சூட்டுக்குக் கொண்டுவர வேண்டும், இல்லாவிட்டால் முதல் அறிகுறிக்குப் போய்விடுவீர்கள். தட்டில் ஊற்றியபின் பிரிந்ததென்றால், ஆறியதும் மெல்லிய தாளால் ஒற்றியெடுத்துவிட்டுச் சாப்பிடலாம்.

அறிகுறி: கல்லாக இறுகிவிட்டது, கடிக்க முடியவில்லை

பெரும்பாலும் கனம்தான் காரணம். அளவுகோலை வைத்துப் பாருங்கள்: துண்டு ஐந்து மில்லிமீட்டருக்கு மேல் தடித்திருந்தால் எவ்வளவு நல்ல பாகும் கல்தான். தட்டைச் சற்றுச் சூடாக்கி, ஊற்றியவுடன் பரப்பி, ஒரு நிமிடம் கழித்து விளிம்பு கெட்டியானதும் முள்கரண்டிகள் இரண்டால் நாற்புறமும் இழுத்து மெல்லியதாக்குங்கள்.

மெல்லியதாக இருந்தும் இறுகினால் சோடா வேலை செய்யவில்லை. உடைந்த விளிம்பை வெளிச்சத்தில் பாருங்கள்; நுண்ணிய காற்றுக்குமிழிகள் நிறைந்திருந்தால் சரி, கண்ணாடிபோல் தெளிவாக இருந்தால் சோடா பழையது. ஒரு சிட்டிகையை வினிகரில் போட்டுப் பாருங்கள். உடனே நுரைக்காவிட்டால் புதிது வாங்குங்கள். சோடா கலந்தபின் வெகுநேரம் கிளறினாலும் குமிழிகள் வெளியேறிவிடும். பத்து விநாடிக்குள் கலந்து ஊற்றிவிட வேண்டும்.

கடித்தபோது பல்லில் ‘சுரீர்’ என்ற வலி நின்றாலோ, அடைத்த பல்லின் அடைப்பு பெயர்ந்ததாகத் தோன்றினாலோ, அந்தப் பக்கம் மெல்லாமல் பல் மருத்துவரைப் பாருங்கள்.

அறிகுறி: கொட்டையில் சிக்கு வாடை, கொட்டை மெத்தென்று இருக்கிறது

மெத்தென்றிருந்தால் வறுத்தது போதவில்லை. அடுத்த தடவை 160 டிகிரி அவனில் பத்துப் பன்னிரண்டு நிமிடம் வறுத்துக்கொள்ளுங்கள். சிக்கு வாடை என்றால் கொட்டையின் எண்ணெய் கெட்டுவிட்டது, அதற்கு மசாலாவால் மருந்தில்லை. பாகில் போடுமுன் ஒவ்வொரு பையிலிருந்தும் நான்கைந்தை மென்றுபார்ப்பது ஒரு மிட்டாய்த் தட்டையே காப்பாற்றும். பூஞ்சை படிந்த, சுருங்கிய, நிறம் மாறிய கொட்டைகள் தென்பட்டால் பொறுக்கியெடுத்துவிட்டு மீதியைப் பயன்படுத்தலாமா என்று யோசிக்காதீர்கள். பூஞ்சை உண்டாக்கும் அஃப்லடாக்சின் நஞ்சைப் பாகின் சூட்டால் முழுமையாக அழிக்க முடியாது, பையோடு எறியுங்கள்.

மிட்டாயைத் தின்ற யாருக்கேனும் உதடோ நாக்கோ வீங்கினாலோ, உடலெங்கும் தடித்தாலோ, மூச்சுத் திணறினாலோ அது கொட்டை ஒவ்வாமையாக இருக்கலாம். காரத்தால் என்று நினைத்துத் தண்ணீர் கொடுத்துக் காத்திருக்காமல், அவசர மருத்துவ உதவியை உடனே அழையுங்கள்.

அறிகுறி: தட்டில் ஒட்டிக்கொண்டு வரவில்லை

மெழுகுத்தாளில் ஊற்றியிருந்தால் மெழுகு உருகி மிட்டாயோடு சேர்ந்திருக்கும். அந்த மிட்டாயை உண்ண வேண்டாம். எண்ணெய் தடவிய எஃகுத் தட்டில் ஒட்டினால், தட்டின் அடியைச் சூடான ஈரத்துணியின்மேல் அரை நிமிடம் வைத்தால் விட்டுவிடும். சிலிகான் விரிப்பு ஒன்று வாங்கினால் இந்தப் பகுதியையே மறந்துவிடலாம். பாத்திரத்தில் இறுகியதைச் சுரண்ட வேண்டாம், நீர் ஊற்றிக் கொதிக்கவிட்டால் தானே கரையும்.

பாகு கையில் பட்டுவிட்டால்

பாகு கொதிநீரைவிடச் சூடானது மட்டுமல்ல, தோலில் ஒட்டிக்கொண்டு சுட்டுக்கொண்டே இருக்கும். குழாயடியில் ஓடும் குளிர்ந்த நீரில் அந்த இடத்தை 20 நிமிடம் காட்டுங்கள். மோதிரம், வளையல் இருந்தால் வீக்கம் வருமுன் கழற்றிவிடுங்கள். ஒட்டிய பாகைப் பிய்க்காதீர்கள், அது நீரில் கரைந்து போகும். பனிக்கட்டி, வெண்ணெய், பற்பசை எதையும் வைக்காதீர்கள். கொப்புளம் எழுந்தாலோ, காயம் உள்ளங்கையைவிடப் பெரிதாக இருந்தாலோ, முகம், கை, மூட்டு ஆகிய இடங்களில் பட்டிருந்தாலோ, பட்டவர் குழந்தையாக இருந்தாலோ, நீரில் காட்டி முடித்ததும் சுத்தமான துணியால் தளர்வாக மூடி மருத்துவரிடம் போக வேண்டும். தோல் வெளுத்தோ கருத்தோ இருந்து வலியே தெரியவில்லை என்றால், அது ஆழமான காயம் என்பதால் அப்போதுதான் இன்னும் விரைந்து போக வேண்டும்.